செல்லத்தின் வாயும் லிட்மஸ் காகிதமும்

6 நவம்பர், செவ்வாய்
விடியற்காலை முதல் மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. தோட்ட ஸ்டோரில் அமில ஜாடி மூன்றே மீதம். துரைக்கு எழுத வேண்டும்.

என் மனைவி செல்லத்துக்கு இடது கன்னத்தின் உட்புறப் புண். ஆடியில் மிளகளவு, இப்போது பாக்களவு. வெற்றிலை நிறுத்தி மூன்று மாதம். சோடா உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, மூன்று வேளை.

புற்றுக்கட்டி சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகிறது என்று பத்திரிகையில் படித்தேன். ரப்பர்ப்பாலில் அமிலம் விட்டால் கட்டியாவதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அமிலத்தை முறித்தால் இதுவும் கரைய வேண்டும். ஸ்டோரிலிருந்து லிட்மஸ் எடுத்துவந்து தினம் காலையில் அவள் நாக்கில் வைக்கிறேன். இன்றும் சிவப்புத் தாள் நீலமாயிற்று. நான்காம் நாள். அமிலம் இல்லை!

10 நவம்பர், சனி
நீலம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் மாணிக்கம் வந்தான். பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சு. பாதிரியாரின் சிபாரிசுக் கடிதத்தில், நான் கேட்ட டிரெசர் வேலை அவனுக்கு. நான் ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி.

"கிராணியாரே, இது சோடா உப்புக்கு அடங்குற புண்ணில்ல. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அறுத்து எடுத்துருவாங்க."

"நீர் உம்ம டிங்சரைப் பாரும்."

ஆவணியிலும் இதையே சொன்னான். நானும் இதையே சொன்னேன்.

15 நவம்பர், வியாழன்
தலையணையில் ரத்தம். கஞ்சிகூட இறங்கவில்லை. காலையில் நீலம்.

மதியம் சந்தேகத்தில் மறுபடி வைத்தேன். சிவப்புத் தாள் சிவப்பாகவே. நீலத் தாளும் சிவந்தது. அவளுடைய வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தேன். ஈரம், விரல் தடம்.

"வெத்தல போடலங்க. காலைல மட்டும் நாக்குல கொஞ்சம் தடவிக்குவேன்."

"எதுக்கு?"

"மொத நாளு செவப்பாவே இருந்துச்சு. நீங்க சோறே திங்கல. சுண்ணாம்பு அமிலத்த முறிக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க, மறுநாளு தடவினேன். நீலமானதும் சிரிச்சீங்க. நீங்க சிரிச்சு எத்தன வருஷமாச்சு."

புண்ணில் சுண்ணாம்பு எப்படி எரிந்திருக்கும்.

16 நவம்பர், வெள்ளி
மாணிக்கத்திடம் போய் நின்றேன். குத்திக்காட்டுவான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அதற்காகவும் அவன்மேல் கோபம்.

19 நவம்பர், திங்கள்
சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில், நேற்று. ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் கழுத்தைத் தடவினார். கழலைகள் கல்லாகிவிட்டன. ஆவணியிலேயே வந்திருந்தால் அறுத்திருக்கலாமாம். இனி கத்தி வைக்க இடமில்லை.

அமிலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம். ஆனால் அது கட்டிக்குள்ளே. கொப்பளிக்கிற தண்ணீர் அங்கே போகாது. நீங்கள் சோதித்தது எச்சிலை."

இருபது வருடம் அமிலத்தோடு இருந்தவனுக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருக்கும், அதை மாணிக்கம் சொல்லாமல் இருந்திருந்தால்.

21 நவம்பர், புதன்
வீடு. மழை. லிட்மஸ் தாள்களை ஸ்டோரில் திருப்பி வைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் செல்லம் வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள்.

"இன்னிக்கு ஒண்ணும் தடவலங்க."