பாதி மெத்தை என்னுடையது

இன்று காலை புது மெத்தை வந்து இறங்கியது. கொண்டு வந்தவர்கள் கட்டிலில் போட்டுவிட்டுப் போனதும் முதல் வேலையாகப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். அறை முழுக்க நார் வாசம். மழையில் நனைந்த தென்னை மட்டையின் வாசம், கூடவே ரப்பர் பாலின் லேசான புளிப்பு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மூக்கில் பட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் மெத்தையின் ஓரத் தையலைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே முகத்தை நுழைத்துக்கொண்டு நீ நின்றது ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தேன். பிறகு மூடினேன். மறுபடி திறந்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று சொல்வது பொய். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், வாசல் வரை போகிறேன், வருகிறேன். நீ இருந்தால், "செத்த நேரம் ஒரு இடத்துல இருங்களேன், பாக்குற எனக்குத் தல சுத்துது" என்பாய். ஆனால் நீ இருந்தவரை நான் இப்படி இல்லை. நம் இருவரில் அடங்காத ஆள் நீதான். தூக்கத்தில்கூட.

நம் கல்யாணத்துக்கு உன் வீட்டில் சீராகக் கொடுத்தது ஃபோம் மெத்தை. அந்தக் காலத்தில் அதுதான் கௌரவம். அழுக்காகிவிடும் என்று மேல் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க வேண்டாம் என்று உன் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். நாமும் மரியாதைக்கு அப்படியே போட்டுப் படுத்தோம். நீ ஒவ்வொரு முறை புரளும்போதும் அது சரசரவென்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. காலையில் என் அம்மா நம் முகத்தைப் பார்க்காமலே காபியை நீட்டினார். சித்திரை பிறந்ததும் உறையைப் பிரித்தோம். அப்போதும் உனக்குச் சூடு தாங்கவில்லை. "இது மெத்தையா, தோசைக்கல்லா?" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு வெறும் தரைக்குப் போய்விட்டாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டர். நின்றபடியே கண்ணை மூடித் திறந்து பழகியவன். எதில் போட்டாலும் தூங்குவேன் என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

மம்சாபுரம் பக்கம் நர்ஸாக வீடு வீடாக அலைந்து உன் இடுப்பு போன பிறகு, நல்ல மெத்தை தேடுவது நம் வீட்டில் ஒரு பெரிய காரியமாக ஆனது. என் விடுமுறை நாளெல்லாம் மெத்தைக் கடையில் கழிந்தது. மற்ற பெண்கள் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். நீ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்காரர் கண் முன்னாலேயே ஒருக்களித்துப் படுத்துவிடுவாய். ஒரு தடவை அப்படியே தூங்கியும் போனாய். குறட்டை வேறு. ஆள்கள் வந்து போகிற கடை. நான் உன் கால்மாட்டில் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

"ஏட்டி, எந்திரி. ஆளுக வருது" என்றேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: "படுக்கப்போற மெத்தைய நின்னுக்கிட்டா பாப்பாக?"

தையலைப் பிரித்துப் பார்ப்பதும் அங்கே ஆரம்பித்ததுதான். மேலே நார் மெத்தை என்று ஒட்டியிருக்கும், உள்ளே கையை விட்டால் ஃபோம் துண்டுகள். "பேரு மட்டும் தென்னை, உள்ளாற பூரா வேற" என்று நீ சத்தமாகச் சொல்ல, கடைக்காரர் உன்னைவிடச் சத்தமாக மறுக்க, நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு வருவேன். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நல்ல இலவம் பஞ்சை உன் கண் முன்னால் அடைக்கச் சொல்லி, அளவு கொடுத்துத் தைத்து வாங்கினாய். வந்த நாளில் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "இதுல படுத்தா காத்து வருதுங்க" என்றாய். மெத்தையிலிருந்து எப்படிக் காற்று வரும் என்று கேலி செய்தேன். ஆனால் உனக்கு அதற்குப் பிறகு வேர்க்கவில்லை.

அந்தப் பஞ்சு மெத்தைக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! வெயில் காட்ட வேண்டும் என்று மாடிக்குத் தூக்கச் சொல்வாய். படி திரும்புகிற இடத்தில் அது மடங்கிக்கொண்டு என்னை நசுக்கும். கீழே நின்று நீ சிரிப்பாய். எத்தனை வெயில் காட்டியும் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் பள்ளத்தில்தான் கிடப்போம். நீ புரண்டால் மெத்தை மொத்தமும் ஏறி இறங்கும். என் பஸ்ஸை மாதிரி. நான் கால்வாசி விழிப்பேன், நீ இருக்கிறாய் என்று தெரியும், மறுபடி தூங்குவேன். அதைத் தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். "கொஞ்சம் அசையாம படுக்கக் கூடாதா?" என்று எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

போன வைகாசியில் நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைச் சுடுகாட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். நம் அறைக்குள் போனால் கட்டில் வெறும் பலகையாக நிற்கிறது.

என் தங்கை பின்னாலேயே வந்தாள். "மதினி படுத்த மெத்த வீட்டுல கெடக்கக் கூடாதுல்லாண்ணே. ஆட்டோவுல ஏத்தி அனுப்பியாச்சு, இந்நேரம் எரிச்சிருப்பாக" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. "அவ மட்டுமா படுத்தா? அதுல பாதி என்னுது!" என்று கத்தினேன்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். தங்கை பாவம், கையைப் பிசைந்தாள். "அதுக்கு, பாதிய மட்டும் அறுத்தாண்ணே போட முடியும்?" என்று உண்மையாகவே கேட்டாள். யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் எப்போது அழுதேன் என்று தெரியாது. வழக்கம் அது, அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போனவர் படுத்த படுக்கை வெளியே போக வேண்டும். ஆனால் இரண்டு பேர் படுத்ததை என்ன செய்வது என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. பாயில் படுத்தேன், சோபாவில் படுத்தேன், நாற்காலியில் சாய்ந்தேன். எதுவும் ஆகவில்லை. ஒரு நாள் மதியம் சும்மா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் குலுங்கியது. அவ்வளவுதான், தூங்கிவிட்டேன். "அண்ணாச்சி, ஊரு வந்துருச்சு, எறங்கலையா?" என்று கண்டக்டர் தோளைத் தொட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? "திரும்பிப் போறேம்ப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினேன். பிறகு அதுவே வேலையாகிப் போனது. ரிட்டயர்ட் ஆள், பாஸ் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில்தான் என் தூக்கம் நடந்தது.

இது நம் மகள் காதுக்குப் போகாமல் இருக்குமா? கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். உன் மகள், உட்கார்ந்து பேசுகிற ஜாதி இல்லை. நின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னாள். "ஒண்ணு நல்ல மெத்தை வாங்கி இந்த வீட்டுல தூங்குங்க. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்க. பஸ்ல தூங்குற அப்பாவை விட்டுட்டு என்னால அங்க வேலை பாக்க முடியாது." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் துணிமணியை எடுத்து வைக்கிற பையையும் கொண்டு வந்திருந்தாள். இந்த வீட்டை விட்டுப் போனால் எனக்கு என்ன மிச்சம்? கடைக்குக் கிளம்பினேன்.

ராஜபாளையத்தில் பெரிய கடை. ஏசி. விலையை உன்னிடம் சொல்ல மாட்டேன், நீ எழுந்து வந்துவிடுவாய். எல்லாம் இயற்கைப் பொருள் என்று ஒரு தம்பி விளக்கினார். அடியில் தென்னை நார், மேலே ரப்பர் பால், சுற்றிலும் பருத்தி. ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன், மோந்து பார்த்தேன். மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிங்கிளா, டபுளா சார்?"

"டபுள்" என்றேன், மகள் வாயைத் திறப்பதற்குள்.

"உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி காட்டலாம்."

"இடுப்பு வலி. மெத்தை கெட்டியா இருக்கணும். கொஞ்சம் சூடு ஏறினாலும் வேர்த்துப்போகும். ஒருக்களிச்சுத்தான் படுக்குறது" என்று மளமளவென்று சொன்னேன். எத்தனை கடையில் சொன்னது!

மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா" என்றாள் மெதுவாக. "இது பூரா அம்மாவுக்கு."

அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சை மாற்றுவதாக நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை மெத்தையின் ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கம் தொப்பென்று விழுந்து காட்டினார். தண்ணீர் அசையவே இல்லை. "பாத்தீங்களா சார்? பக்கத்துல படுக்குறவங்க எம்புட்டுப் புரண்டாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியணும்யா!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரோட்டில் நின்று பஸ்ஸைப் பார்த்தேன். ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மகள் பின்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. "அம்மாவுக்கு எது பிடிக்கும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ப்பா. உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். யோசித்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. இந்த உடம்போடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், யாரும் அதனிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுபடி உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேன். முதலில் கெட்டியான மெத்தை. பலகை மாதிரி தோளில் குத்தியது. எழுந்தேன். அடுத்ததிலும் நிலைகொள்ளவில்லை. கடைசியில், இருப்பதிலேயே மெதுவானது என்று அந்தத் தம்பி தயங்கித் தயங்கிக் காட்டியதில் படுத்தேன். அது என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. தோள் இறங்கியது, இடுப்பு இறங்கியது, நின்று நின்று கட்டையாகிப் போன கால்கள் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. பஸ் இல்லை, குலுக்கல் இல்லை, எனக்குக் கண் சொருகியது.

எனக்கு மெத்தென்று இருந்தால்தான் பிடிக்கிறது! சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, "ஏட்டி, இங்க பாரு" என்று வாயெடுத்துவிட்டேன். அங்கே மகள் நின்றாள். அவளிடம் சொன்னேன். "சரிப்பா, இதையே எடுத்துருவோம்" என்றாள். நல்ல பிள்ளை, கண் கலங்கியிருந்தது. பையை மடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள்.

ஆனால் அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். உன்னிடம் சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். "இம்புட்டு வருசம் எங்கூடக் கெடந்துட்டு இப்பவா சொல்றீக?" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். பிறகு நீயே கடைக்குப் போய், பாதி கெட்டியாகவும் பாதி மெதுவாகவும் ஒரு மெத்தை தைத்துத் தரச் சொல்லிச் சண்டை போட்டிருப்பாய். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று தெரிய வந்திருக்கிறது, அதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டிய ஒரே ஆள் நீ. யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் காலையிலிருந்து இந்த அலைச்சல்.

இந்தா, சொல்லிவிட்டேன். இனிமேல் கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்.