ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வரலாம்

9-4-84, திங்கள்

இன்றும் தரகர் பிச்சமுத்து ஒருவரைக் கூட்டி வந்தார், பின்சந்து வழியாக. அது என் ஏற்பாடு. வீடு விற்பது தெருவுக்குத் தெரிந்தால், ரிடையர் ஆனதும் அற்புதசாமி நொடித்துப்போனான் என்பார்கள். வந்தவர் சுவரைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். இதோடு ஒன்பது பேர். ஒருவரும் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

14-4

துவாக்குடியிலிருந்து மகள் அமலராணியின் கடிதம். ஜூனில் ஸ்கூல் திறந்ததும் அவள் டீச்சர் வேலைக்குத் திரும்ப வேண்டும். மாமியார் இல்லை, கைக்குழந்தையை யார் பார்ப்பது? அவர்கள் இருப்பதோ ஒற்றை அறை. அதற்கு இரண்டு வீடு தள்ளி எங்களுக்கு ஒரு வீடு பேசி வைத்திருக்கிறோம். இது விற்றால்தான் அது. அந்த வீட்டுக்காரர் மே கடைசி வரைதான் பொறுப்பாராம்.

22-4

ஈஸ்டர். பிச்சமுத்துவைக் காணோம்.

23-4

மனைவி சகாயம்மாள் ஒரு யோசனை சொன்னாள். "ஆம்பளைங்களையே கூட்டிட்டு வந்தா எப்படிங்க விக்கும்? அடுப்படியில நிக்கப்போறவ பாக்க வேணாமா? கிறிஸ்மஸுக்குக் குடில் பாக்கத் தெருவே வருதுல்ல? அதுபோல ஒரு ஞாயித்துக்கிழமை வாசலைத் திறந்து வச்சிருவோம்."

மானம் போய்விடும் என்று கத்தினேன். சாப்பிடவில்லை. இரண்டு மணிக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

30-4

அமலராணி ராஜினாமா எழுதி வைத்துவிட்டாளாம். இன்னும் கொடுக்கவில்லையாம். எத்தனை வருஷம் படித்து வாங்கிய வேலை! என்ன பெரிய மானம் எனக்கு? சே.

சாமியாரிடம் கேட்டுக்கொண்டு மாதா கோயில் பலகையில் எழுதிப் போட்டேன்: ‘ஞாயிறு பத்து முதல் ஒன்று வரை வீடு பார்க்க வரலாம்.’

6-5, ஞாயிறு

பூசை முடிந்ததும் தெருவே திரண்டு வந்துவிட்டது. எண்பது பேராவது இருக்கும். அதில் வாங்குகிறவர் யார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பெண்கள் அலமாரியைத் திறந்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள், புகை எங்கே போகும் என்று கேட்டார்கள். நான் பயந்த சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. "பேரப்பிள்ளையோட இருக்கப் போறீங்களா? குடுத்து வச்சவர் சார்" என்றார் சவரிராயன்.

பன்னிரண்டு மணிக்கு ஷரபுன்னிசா வந்தாள். பதினொரு வருஷமாகப் பின்சந்து வழியே வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவள், கணவர் சிங்கப்பூரில். துவைக்கிற கல்லைத் தாண்டி அவள் உள்ளே வந்தது இன்றுதான். கூடத்தின் நடுவில் நின்று கேட்டாள்:

"ஏண்ணே, ரெண்டு வருஷமா நாங்க வீடு தேடுறது அக்காவுக்குத் தெரியுமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சகாயத்தைப் பார்த்தேன். "நீங்கதானே தண்ணிக்கு வர்றவகிட்டகூட மூச்சு விடாதேன்னீங்க?"

முப்பத்திரண்டு வருஷத்தில் என் பேச்சை அவள் மீறாமல் இருந்தது இந்த ஒரு தடவைதான்.

25-5

பத்திரம் முடிந்தது. ஷரபுன்னிசா பிரியாணி கொடுத்தனுப்பினாள். நன்றாகத் தூங்கினேன்.

4-6, திங்கள். துவாக்குடி

ஸ்கூல் திறந்தாயிற்று. குழந்தையை என் தோளில் போட்டுவிட்டு அமலராணி எட்டரை பஸ்ஸுக்கு ஓடினாள். பாதி வழியில் திரும்பி வந்தாள். எதையும் மறக்கவில்லை, குழந்தையை இன்னொரு தடவை பார்க்கத்தான்.

"போம்மா, பஸ் போயிடும்" என்றேன்.

போனாள்.