ஒரு முழம் குறைகிறது

நவம்பர் 13, 1961
இன்றும் அதே இடம். நான் எறிந்த இரும்புக் குண்டு விழுந்த குழியில் ராமலட்சுமி டீச்சர் குச்சியை நட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் குறைகிறது. போன மாதமும் இதே ஒரு முழம்தான். கோட்டைத் தாண்டினால்தான் பாளையங்கோட்டையில் நடக்கும் ஜில்லாப் போட்டிக்கு எடுப்பார்கள். டீச்சர் கோவில்பட்டியிலிருந்து வீடு தேடி வந்து பேசியதால் அய்யா ஒப்புக்கொண்டார். தேறினால் மேலே படிக்கலாம். தேறாவிட்டால் தையில் அத்தை மகன் சுடலைக்கண்ணுவோடு பரிசம்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன்.

நவம்பர் 17
ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கூடைமேல் வைக்கிற பாரக்கல்லை விடியலில் தூக்குகிறேன். முதலில் மார்புவரைதான் வந்தது. புரட்டாசியில் தலைக்குமேல் போயிற்று. குண்டும் தள்ளித் தள்ளி விழுந்தது. இப்போது எவ்வளவு தூக்கினாலும் நகரவில்லை. இன்று இரண்டு வேளை தூக்கினேன். நடுவில் கிணறு, குடம், பள்ளிக்கூட நடை. எழுத்து கோணுகிறது. என் பலம் இவ்வளவுதானா?

சுடலைக்கண்ணு வந்திருந்தான். "இந்தக் கையால சோறு வச்சா தட்டு ஒடைஞ்சிருமே" என்றான். அய்யாவும் சிரித்தார்.

நவம்பர் 21
வீட்டுக்கு விலக்காகிவிட்டேன். தொழுவத்தை ஒட்டிய கூரைச் சாய்ப்பில் தனித்தட்டு, தனிப்பாய். கல்லைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடம் கிடையாது. நோட்டையும் தொடக் கூடாதுதான் - தொட்டுவிட்டேன். போச்சு. இருக்கிற பலமும் கரைஞ்சிருமே, நான் என்ன செய்வேன்.

நவம்பர் 27
மழை. காலில் அப்பிய கரிசல் சேற்றோடுதான் எறிந்தேன். அரை முழம் கூடிவிட்டது!

எப்படி? கல் தூக்கவில்லை. குடம் சுமக்கவில்லை. படுத்துக் கிடந்தேன். மற்ற நாளில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் எனக்கு. சாய்ப்பில் இருந்தபோது மட்டும் அம்மா சூட்டோடு முதலில் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதானா?

டிசம்பர் 6
மறுபடி தினமும் கல், தினமும் குடம். குண்டு போகும் தூரம் மறுபடி நின்றுவிட்டது. கல்லை நானே விட்டுவிடலாம். குடத்தை விட யார் சம்மதிப்பார்? ஜில்லாப் போட்டிக்கான தேர்வு பதினைந்தாம் தேதி. அதற்குள் எனக்கு நாள் வராது.

டிசம்பர் 11
பொய் சொல்லிவிட்டேன். விலக்கு என்று.

அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியாத கணக்கா? அடுத்த வீட்டிலிருக்கும் அத்தை, சுடலைக்கண்ணுவின் அம்மா, வாசலில் நின்றதால் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, மூணு நாளைக்குக் கொடத்தத் தொடாத. சாய்ப்புக்குப் போ."

மத்தியானச் சோற்றுக்குள் ஒரு முட்டை இருந்தது.

டிசம்பர் 15
தாண்டிவிட்டது.

டிசம்பர் 19
பரிசப் பேச்சை அய்யா நிறுத்திவிட்டார். அத்தை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று நிஜமாகவே நாள் வந்துவிட்டது. எட்டே நாளில் மறுபடி விலகி உட்கார்ந்தால் போன தடவை சொன்னது பொய் என்று அத்தை கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"வெளிய சொல்லாத" என்றாள் அம்மா. அந்தியில் விளக்கையும் என்னையே ஏற்றச் சொன்னாள்.

சாமி முன்னால் ஏற்றினேன். இருவரும் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எப்போதும்போல எரிந்தது.