அடி பட்டதும் அடி வாங்கியதும்

அன்பு மகள் முனீராவுக்கு,

உன் வாப்பா ஜலாலுதீன் ஸலாம் கூறி எழுதுவது. சென்ற வாரம் பலதுறை மருந்தகத்தில் நடந்ததை உன் உம்மா குரல்பதிவாக உனக்கு அனுப்பிவிட்டாள் என அறிந்தேன். அதில் செய்தி பாதி, சிரிப்பு பாதி என்பதால், முறையான திருத்தத்தை உன் பார்வைக்கு வைப்பதே இக்கடிதத்தின் நோக்கம். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், என் இரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர. அங்கே நீயும் எடின்பரோ குளிரும் இந்நேரம் சமாதானமாகியிருப்பீர்கள் என நம்புகிறேன். உன் தம்பி அதீஃப் தேசிய சேவை ராணுவப் பயிற்சியில் இளைத்துக் கறுத்துவிட்டான், ஆனால் தன் கட்டிலைத் தானே ஒழுங்குபடுத்துகிறான். நான் இத்தனை காலம் சொல்லி நடக்காததை ஒரு சார்ஜண்ட் வந்தவுடன் சாதித்துவிட்டார். குறை என் சொல்லில் இல்லை, குரலில்தான் என்று உம்மா தீர்ப்பளித்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை மாத்திரை மாற்றியும் என் அழுத்தம் இறங்கவில்லை, இதயத்தின் சுவர் தடிக்கத் தொடங்கிவிட்டது. சிறுநீரகத்தையும் உறக்கத்தையும் சோதித்து முடித்த டாக்டர், அடுத்து என் சிறுவயதைப் பற்றி மதிப்பீடு செய்ய வேண்டும் என்றார். மதிப்பீடு என்றால் இரத்தம் எடுப்பார்கள் என்று எண்ணி முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடந்து போனேன். உள்ளே இருந்த மனநல ஆலோசகர் ரக்ஷனா, உன் வயதுப் பெண், அங்கிள் இதுக்கெல்லாம் ஃபாஸ்டிங் தேவையில்ல லா என்று தன் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினாள். பயந்து வளர்ந்த பிள்ளையின் உடல் பெரியவனான பிறகும் காவலிலேயே நிற்கக்கூடும், அழுத்தமும் வயிற்றுக் கோளாறும் தூக்கக் கேடும் அதிலிருந்தும் வரலாம் என்று விளக்கிவிட்டு, சின்ன வயசுல அடி பட்டிருக்கா அங்கிள் என்று கேட்டாள். காத்தோங்கில் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொல்லி, கால்சட்டையைச் சுருட்டி முழங்கால் தழும்பையும் காட்டினேன். அவளும் குனிந்து மரியாதையாகப் பார்த்தாள். அப்போதுதான், கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மா, இந்தாங்க, அவங்க பட்டதைக் கேக்கல, வாங்கினதைக் கேக்குறாங்க என்று வெடித்தாள்.

பிழையான சொல்லாட்சியைக் கண்டும் காணாமல் போக என்னால் இயலாது என்பதை நீ அறிவாய். வாங்குவது என்றால் ஒருவன் கேட்டோ காசு கொடுத்தோ பெற்றுக்கொள்வது. நான் எவரிடமும் அடி கேட்டதில்லை, விலை பேசியதுமில்லை. ஆகவே அடி வாங்கினேன் என்பது என்னளவில் பிழை, அடி கொடுக்கப்பட்டது என்பதே முறை என்று இருவருக்கும் விளக்கினேன். உம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ரக்ஷனா மட்டும் சிரிக்காமல், கரெக்ட் அங்கிள், அப்ப குடுத்தது யாரு என்றாள்.

முனீரா, செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்வது வெகு சுலபம், எழுவாய் எங்கே என்று யாரும் கேட்காத வரை. நான் சுவரில் இருந்த சளிக்காய்ச்சல் தடுப்பூசி அறிவிப்பை அதன் அடிக்குறிப்பு வரை படித்தேன். உம்மாவின் சிரிப்பு அங்கேதான் நின்றது. குரல்பதிவில் இந்த இடம் விடுபட்டிருக்கும்.

என் வாப்பா மறைந்தபின் மாமா வீட்டில் வளர்ந்தேன், அவர்தான் சோறு போட்டுப் படிக்க வைத்தார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அவர் கடையடைத்து வரும்போது சாவிக்கொத்து குலுங்கும் விதத்திலேயே அன்றைய நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும், ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தாலும் பெல்ட் கழன்றுவிடும் என்பதும் உண்மை. எல்லாம் வரிசையாக இருந்த நாள்களில் அடி குறைவு. நீயும் அதீஃபும் துவாஸ் சட்டம் என்று கேலி செய்த, வாசலில் காலணிகளை வரிசையாக வைக்கும் என் விதி, நான் துவாஸ் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு அதிகாரியாகும் முன்பே பிறந்துவிட்டது என்பதை இத்துடன் பதிவு செய்கிறேன். சாவியையும் பெல்ட்டையும் பெயர் சொல்லாமல் அன்று ரக்ஷனாவிடம் விவரித்தபோது, இப்பவும் பக்கத்து வீட்டுல சாவி குலுங்கினா எந்திரிச்சு நிப்பாரும்மா, தண்ணி குடிக்கத்தான் எந்திரிக்கிறாருன்னு நெனச்சேன் என்று உம்மா சாட்சி சொன்னாள். என் பிள்ளைகள்மீது ஒருநாளும் கை ஓங்கியதில்லை என்று நான் நிமிர்ந்து சொன்னதும், கை ஓங்கல, ரூல் போட்டே கொன்னாரு லா என்று அதே சாட்சி கட்சி மாறினாள்.

ஆயினும் அன்று, அடித்தது யார் என்ற கேள்விக்குப் பெரியவர் ஒருவர் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருநாள்தோறும் நாம் போய்க் கைகொடுத்து வரும் மனிதர் அவர். அவர் போட்ட சோற்றை உண்டுவிட்டு அவர் பெயரை ஓர் ஆலோசகரிடம் சொல்வது நன்றிகெட்ட செயலாகாதா என்று வீடு திரும்பியதும் உம்மாவிடம் கேட்டேன். சோறு போட்டதுக்கு நன்றி சொல்லுங்க, அடிச்சதுக்கு எதுக்குங்க என்றாள். நிக்காஹ்வில் மணமகளின் பொறுப்பாளரை வலி என்கிறோம் அல்லவா, மக நிக்காஹ்ல வலியா உக்காரணும்னா முதல்ல வலியைச் சொல்லுங்க, இந்த இதயத்தை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலேடையில் என்னை அவள் வென்றது இதுவே முதல்முறை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததால் நான் அதைப் பாராட்டவில்லை.

உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியான உறக்கத்தையும் இறைவன் அருள்வானாக. அறைச் சூடேற்றியைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்காதே. இதற்குப் பதிலை எழுத்தில் அனுப்பு, மஞ்சள் முகங்களை அனுப்பாதே. ரக்ஷனாவுடன் எனக்கு இன்று இரண்டாம் சந்திப்பு. இக்கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே அங்கு சென்று, என் மாமா நூர்தீன் என்னை அடித்தார் என்று, எழுவாயோடும் செய்வினையோடும் சொல்லப் போகிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும் வாப்பா,
மு. ஜலாலுதீன்