வீட்டுக்கு எதிராக ஒரு மனு

கண்டி,
12 ஆகஸ்ட் 1934

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா விட்டுப்போன நம் வீடு விலைபோகவில்லை. குற்றம் என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு நகரசபை விதிக்கும் சோலை வரி குறைந்தால் வாங்குபவருக்குப் பிடிக்கும் என்று கம்பளையிலிருந்து எழுதியவள் நீ. ஆகவே அவர்களுக்கு நான்கு பக்கத்தில் ஆட்சேப மனு அனுப்பினேன். சென்னையில் பெற்ற பட்டம் ஒருவழியாகப் பயன்பட்டது. கூரை ஒழுகுகிறது, சமையலறைச் சுவர் சாய்கிறது, மாடியறையில் குரங்குகள்தாம் குடியிருக்கின்றன என்று விவரித்தேன். வரியைப் பாதியாக்கினார்கள்.

வாங்கவிருந்த முனாப் ஹாஜியார் வரியை விசாரிக்க நகரசபைக்குப் போயிருக்கிறார். அங்கே கணக்கெழுதும் லிகிதர் என் மனுவையே வாசிக்கக் கொடுத்துவிட்டார். நேற்று வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ளே வாருங்கள், ஹாஜியார்."

"வேணாம் டீச்சரம்மா. சுவர் விழுந்தா?"

"இன்று விழாது."

"என்ட மூணு புள்ளைகளுக்கும் படிச்சுக் குடுத்தவங்க நீங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இரிக்கும்."

மாணவியரின் தந்தையோடு வாதாடுவது முறையல்ல என்பதால் நான் மறுக்கவில்லை.

உன் மாடியறையை இன்று கழுவித் துடைக்கச் செய்தேன். அங்கே ஒரு சொட்டும் ஒழுகாது. நீ தங்க வரும்போது இதை நகரசபையில் யாரிடமும் சொல்லிவிடாதே.

பாதி வரி செலுத்தும்,
உன் அக்கா