வெண்டெலின் வலது கை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் போக்கரில் வெண்டெலிடம் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன். என் கையில் இரண்டு ராணி. ராணி ஜோடியை லேசில் விடுகிறவளா நான்? ஆனால் பணயக் காயின்களை மேஜை நடுவே தள்ளும்போது அவருடைய வலது கை நடுங்கியது. இந்த ஊரில் நேற்று ஆட வந்தவனுக்கும் தெரியும்: சீட்டே இல்லாமல் மிரட்டுகிறவன் கை கல்லுமாதிரி இருக்கும். பெரிய சீட்டு வந்தவன் கைதான் நடுங்கும். சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டேன்.

இரண்டு மாதமாகப் பெரிசுக்கு யோகம்தான். வயது அறுபத்தெட்டு. போன வருஷம் கம்ப்யூட்டரில் ஆடிப் பழகிய பையன்கள் அவரைத் துவைத்துக் காயப்போட்டார்கள். வீட்டை விற்கும் நிலைக்கு வந்தார். இப்போது அவர் கை நடுங்கினால் மேஜையே ஒதுங்குகிறது. கேரிக், இங்கே லாஸ் வேகஸில் கட்டடம் கட்டி விற்கிறவன், தோற்பதற்கென்றே எங்களோடு உட்காருகிறவன், "பெரிசு, ஏஸ் எல்லாம் உன் வீட்லதான் குடியிருக்கா?" என்றான்.

"வாடகை ஒழுங்கா குடுக்குது, வச்சிருக்கேன்" என்றார் வெண்டெல்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும். நடுங்கியது, போட்டேன். வயிறு எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் கீழே காபி குடிக்கப் போனோம். இருபது வருஷப் பழக்கம் இது. யார் ஜெயித்தாரோ அவர் செலவு. செர்ரி பை, பழம் வைத்துச் சுட்ட பலகாரம், வந்தது. வெண்டெல் கரண்டியை எடுத்தார், கரண்டி தட்டில் டக் டக் என்று அடித்தது.

"என்ன பெரிசு, செர்ரி பைக்குக்கூடவா பெரிய சீட்டு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "ஏசி ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார்.

இத்தனை நாள் நாங்கள் பயந்து ஓடியதெல்லாம் எதைப் பார்த்து? சீட்டையா, வியாதியையா?

முதலில் எனக்குத் தோன்றியது "ஐயோ பாவம்" இல்லை. "இனிமேல் இவர் நடுங்கினால் நான் ஓட வேண்டியதில்லை" என்றுதான் தோன்றியது. தூ. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 13, வியாழன்

மனசு கேட்கவில்லை. அவர் மனைவி டெலியாவுக்கு போன் செய்தேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவளே கொட்டிவிட்டாள். பார்க்கின்சன். நரம்பைத் தாக்கி உடம்பை நடுங்கவைக்கிற வியாதி. அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஆனா மாத்திரை நல்லா கேக்குது லொரெய்ன். போட்டா கை நடுங்குறதே இல்ல" என்றாள்.

"நடுங்குறதே இல்லையா? நான் செவ்வாக்கிழமை பார்த்தேனே..."

போனை அப்படியே வைத்துவிட்டு எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாத்திரை டப்பாவில் கிழமைக்கு ஒரு அறை உண்டு. இந்த வாரத்துச் செவ்வாய் அறை அப்படியே இருக்கிறதாம். அலமாரிக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலத்தில் இன்னும் நிறைய மாத்திரை.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஆட்ட நாள்.

பாவி மனுஷா! நடுங்குவதற்காகவே மாத்திரையை விட்டிருக்கிறாயா?

மார்ச் 14, வெள்ளி

ஆட்டத்துக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை.

"இதுல ஏமாத்து எங்கம்மா இருக்கு? கை என்னோடது. நடுக்கம் என்னோடது. தப்பா படிக்கிறது நீங்க."

"உடம்பு என்னாகும்னு யோசிச்சியா?"

"உடம்பு எப்படியும் போகத்தான் போகுது. அந்தப் பசங்க எல்லாக் கணக்கையும் மெஷின்ல போட்டு மனப்பாடம் பண்ணிட்டு வர்றானுங்க. அந்த மெஷினுக்குத் தெரியாதது எங்கிட்ட இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் புடுங்காத லொரி."

நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் வந்ததும் அவரே சொன்னார்: "வெளிய சொன்னேன்னு வச்சுக்க, நீ எனக்குச் செத்தவ."

சொல்லக் கூடாதுதான். அடுத்தவன் முகத்தையும் கையையும் படித்ததை மேஜையில் வாய்விட்டுச் சொல்வது எங்களுக்குள் திருட்டைவிடக் கேவலம். படித்தவள் படித்ததை வைத்துச் சம்பாதிக்கலாம், ஊருக்குச் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் அதை மீறியவரை யாரும் மறுபடி மதித்ததில்லை.

இன்று அவர் நடுங்கும்போதெல்லாம் நானும் சீட்டைப் போட்டேன், தெரிந்தே. அப்படி விட்டுக்கொடுப்பதும் ஒரு திருட்டுதான், மேஜையில் மற்றவர்களை ஏமாற்றுகிற திருட்டு.

மார்ச் 16, ஞாயிறு

சொன்னால் துரோகம். சொல்லாவிட்டால்?

மார்ச் 22, சனி

டெலியா அழுதுகொண்டே பேசினாள். நேற்று ஆட்டத்திலிருந்து திரும்பியவர் வீட்டு வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதாம், எடுக்கவே வரவில்லையாம். புருவத்தில் தையல். "இன்னொரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு போயிடும்னு டாக்டர் சொல்றார். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறார். செவ்வாக்கிழமை மட்டும், வெள்ளிக்கிழமை மட்டும்னு கெஞ்சுறார். நீ ஏதாவது பண்ணு லொரெய்ன்."

நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிந்தது சீட்டு ஒன்றுதான்.

மார்ச் 25, செவ்வாய்

பண்ணிவிட்டேன்.

புருவத்தில் கட்டோடு வந்து உட்கார்ந்தார் வெண்டெல். கேரிக் கேட்டதற்கு, "படிக்கட்டு என்னை ஜெயிச்சிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாவது மணி நேரத்தில் ஒரு ஆட்டத்தில் நானும் அவரும் மட்டும் மிச்சம். என்னிடம் இரண்டு நாலு, சின்ன ஜோடி, அவ்வளவுதான். அதை வைத்து எந்தப் பைத்தியமும் நிற்காது. அவர் இருந்ததையெல்லாம் நடுவே தள்ளினார். கை உதறியது. ஒரு காயின் உருண்டு கீழே விழுந்தது. மேஜையே அவரிடம் ஏஸ் இருப்பதாக நம்பியது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். போட்டுவிடு லொரி என்று கண் கெஞ்சியது.

நானும் அவ்வளவையும் தள்ளினேன். அவர் சீட்டைத் திறந்தார். வெறும் ஒன்பதும் ஆறும். ஒன்றுமே இல்லை.

கேரிக் எழுந்தே விட்டான். "ரெண்டு நாலை வச்சுக்கிட்டா நின்ன? எப்படி தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சிரித்துவிட்டுக் காயினை அடுக்குவார்கள். நான் சொன்னேன்.

"அவர் கை சீட்டுக்கு நடுங்கல. பார்க்கின்சன். ஆட்டத்தன்னிக்கு மாத்திரை போடாம வர்றார், நாம பயந்து ஓடணும்னு. இனிமே அந்தக் கையைப் பார்த்து யாரும் ஓடாதீங்க."

சீட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெண்கூடக் கையை நிறுத்திவிட்டாள். வெண்டெல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட வரவில்லை. பொத்தானோடு மல்லாடிக்கொண்டே, "நீயா லொரி?" என்றார். அவ்வளவுதான். திறந்த கோட்டோடு போய்விட்டார்.

அவர் பணத்தையும் எடுத்தேன், மானத்தையும் எடுத்தேன். பணத்தை டெலியாவிடம் கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கேட்டால் காற்று வரவில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரிசு வரவில்லை. போனும் எடுப்பதில்லை. கேரிக் மட்டும், "நீ பண்ணது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. ஆனா இனி உங்கூட தண்ணியடிக்க மாட்டேன்" என்றான். முகத்துக்கு நேராகச் சொன்னானே, அது போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெண்டெல் வந்தார்.

எனக்கு எதிரே உட்கார்ந்தார். வணக்கம் சொன்னேன், காதில் விழாதது மாதிரி இருந்தார். முதல் ஒரு மணி நேரம் நான் சீட்டையே பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். அசையவே இல்லை. காயினை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

அப்புறம் ஒரு ஆட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். என்னிடம் நல்ல சீட்டு, ராஜா ஜோடி. அவர் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார், மெதுவாக, ஒன்றுகூடச் சரியாமல். நடுக்கம் இல்லை. அப்படியானால் வெறும் மிரட்டலா? இல்லை, மாத்திரை போட்டதால் அசையாத கையா? முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷம் பார்த்த முகம், ஒன்றும் கிடைக்கவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது. ராஜாக்களைக் கவிழ்த்தேன்.

"என்ன இருந்துச்சு பெரிசு?" என்றான் கேரிக்.

"பார்க்கணும்னா காசு போட்டுப் பார்க்கணும்" என்றார்.

ஐந்து மணிக்கு எழுந்தார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். மேஜையைச் சுற்றி எல்லோரிடமும் பெயர் சொல்லிச் சொல்லி விடைபெற்றார், சீட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெண்ணிடமும் கூட. என் நாற்காலி வந்தபோது நிற்காமல் தாண்டி, கதவு வரைக்கும் நேராக நடந்து போனார்.