ராம்கி வீட்டில் பிறந்த குட்டிகள்

1997 ஆகஸ்ட் 16, சனி. சுகர் லேண்ட், டெக்சஸ்.

ராம்கி வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை.

அழிந்துவரும் அரூபா தீவுக் கிலுகிலுப்பைப் பாம்புகளில் ஒரு ஜோடியை ஆறு வருடம் வளர்த்தேன். ஒரு குட்டிகூடக் கிடைக்கவில்லை. போன வருடம் ஆண் பாம்பு செத்தது. பெண்ணைத் தன்னிடமுள்ள ஆணோடு சேர்த்துப் பார்ப்பதாகச் சொல்லி ராம்கி வாங்கிப் போனான். அவன் பாம்பு வளர்க்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது.

இன்று காலை போன் செய்தான். "சார், குட்டி போட ஆரம்பிச்சிடுச்சு. உடனே கிளம்பி வாங்க!"

நான் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு குட்டிகள் கிடந்தன. "விண்டர்ல டெம்பரேச்சரை நல்லா டிராப் பண்ணினேன் சார். அதுக்கப்புறம்தான் ரெண்டும் சேர்ந்துச்சு. நீங்க அத ட்ரை பண்ணலையா?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

அவன் கேமரா எடுக்க உள்ளே போனான். அப்போதுதான் மூலையில் எட்டாவது குட்டியைப் பார்த்தேன். பிறக்கும்போது சுற்றியிருந்த சவ்வைக் கிழிக்க முடியாமல் உள்ளேயே நெளிந்துகொண்டிருந்தது. ராம்கியைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. இவனுக்கு ஒன்றாவது தவறட்டும் என்று தோன்றியது. நெளிவு குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன். நீள இடுக்கியால் சவ்வை விலக்கினான். குட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டது.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க சார்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "இத நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வேண்டாம் என்றேன். வைக்க இடமில்லை என்றேன்.

கராஜில் என் பெட்டிகள் இரண்டும் காலியாகத்தான் இருக்கின்றன.